கடைசி வார்

கவசம் அச்சு அசலாக வந்திருந்தது. முன்பக்கம் ஓர் ஒட்டுத் தெரியவில்லை, ஒரு தையல் தெரியவில்லை.

வார்கள் எல்லாம் முதுகில்.

முதுகுக்குக் கை எட்டவில்லை.

அவள் வலக்கையைத் தோளுக்கு மேலே விட்டுப் பார்த்தாள். இடக்கையை இடுப்பு வழியே விட்டுப் பார்த்தாள். ஹேங்கர் கம்பியை வளைத்து மாட்டி இழுத்தாள். கம்பிதான் நிமிர்ந்தது. மார்க்கவசம் சரிந்து வயிற்றில் வந்து உட்கார்ந்துகொண்டது.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தெரியாதது போகட்டும், தொடக்கூட விடமாட்டேன் என்றால் என்ன செய்வது?

ஆடியில் தொடங்கிய வேலை. யோகா பாயை வெட்டி, சூடு காட்டி வளைத்து, செருப்புத் தைப்பவரிடம் வாங்கிய பசையால் ஒட்டி, பித்தளை நிறம் பூசி, பழசாகத் தெரியவேண்டும் என்று அந்த நிறத்தின்மேலேயே கரியைத் தேய்த்து, இதோ தை பிறந்துவிட்டது. கடலுக்கடியில் ஒரு நாடு. அதற்கு ஒரு படைத்தலைவி. நாடும் அவள் கற்பனை, தலைவியும் அவள் கற்பனை. இன்றைக்குக் காஸ்ப்ளே என்கிற வேடப் போட்டி. பத்து மணிக்குமேல் போனால் பெயரைக்கூட எழுதிக்கொள்ள மாட்டார்கள்.

வார் மாட்டிவிடுவது எப்போதும் இசக்கிராஜாதான். கட்டியவன். ரயில் ஓட்டுகிறவன். விடிகாலையில் போன் வந்தது, வண்டி எடுக்க வேண்டியவருக்குக் காய்ச்சலாம், சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டான். இந்நேரம் காட்பாடியைத் தாண்டியிருப்பான்.

வீட்டில் இன்னொரு ஆள் உண்டு.

அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. மாமியார் சுவரைப் பார்த்து, பருப்பு வெந்துவிட்டது என்றார்.

ஐப்பசியிலிருந்து பகவதியம்மாள் சுவரோடுதான் பேசுகிறார். சாப்பாடு ஆகிவிட்டதையும் தண்ணீர் வந்துவிட்டதையும் சுவருக்குத்தான் சொல்வார். மருமகள் காதில் விழுந்தால் அது சுவரின் பாடு.

காரணம் ஒரு தவலை.

மார்க்கவசத்தை வளைக்க ஒரு நல்ல உருண்டை வேண்டியிருந்தது. மாமியார் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அவள் பரணிலிருந்து தவலையை இறக்கினாள். அவருக்குப் பிறந்த வீட்டுச் சீராக வந்த பித்தளைத் தவலை. அதன் வயிற்றில் பாயைப் போட்டு, சூடு காட்டி அழுத்தினாள். கனகச்சிதமாக வளைந்தது. பசைதான் கொட்டிவிட்டது.

புளி போட்டும் போகவில்லை, சாம்பல் போட்டும் போகவில்லை. உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாகத் தங்கிவிட்டது.

அதையாவது பொறுத்திருப்பார். ஒரு பாத்திரம்தானே என்று இவள் சொன்னாளே, அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய்க் கேட்பது?

கீழே டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார்.

அவள் சரிந்த கவசத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அடுப்படி வாசலில் போய் நின்றாள். வாரை மாட்டிவிடச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு. கேட்காமல் எடுத்தது தப்பு என்றாள். எடுத்ததைவிடச் சொன்னது பெரிய தப்பு என்றாள். சொல்லும்போது கண்ணில் போட்ட மை கரைந்தது. கரையட்டும்.

பிறகு திரும்பி, முதுகைக் காட்டி நின்றாள்.

குழாய் திறக்கும் சத்தம். கை கழுவும் சத்தம்.

காலடிச் சத்தம் பின்னால் வந்து நின்றது.

முதல் வார் இறுகியது. அம்மாடி, என்ன இழுப்பு. மூச்சு ஒரு கணம் நின்றே போனது. இரண்டாவது இறுகியது. பழகிய கை போல ஒவ்வொன்றாக இறங்கி, கடைசி வார்வரை வந்தது.

மாமியார் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். கவசத்தைப் பார்த்தார். அண்ணாந்து பரணைப் பார்த்தார். மறுபடி கவசத்தைப் பார்த்தார். மார்க்கவசத்தின் வளைவில் கையை வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். அந்த வளைவு அந்தக் கைக்குத் தெரியும். எத்தனை வருஷம் தேய்த்துக் கழுவிய வளைவு.

விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். பாத்திரக் கடையில் தட்டுவாரே, அப்படி.

பொத்தென்றது. பாய்தானே.

மாமியாரின் வாயோரம் லேசாகக் கோணியது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

ஹாரன் மறுபடி அடித்தது. அவள் ஈட்டியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டாள்.

"சாயங்காலம் இத அவுக்கதுக்கு அங்க ஆரு இருக்கா?"

சுவரைப் பார்த்துக் கேட்கவில்லை.

அவள் யோசித்தாள். மாட்டுவதைப் பற்றியே கவலைப்பட்டதில் கழற்றுவதை நினைக்கவே இல்லை. அந்தக் கூட்டத்தில் அவளுக்கு யாரைத் தெரியும்? முன்பின் தெரியாதவரிடம் போய் முதுகைக் காட்டவா?

யாரும் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

மாமியார் அடுப்பை அணைத்தார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவ்வளவுதான், மனசு ஆறவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். என்ன சொல்ல முடியும்? இவ்வளவு செய்ததே பெரிது.

கதவு திறந்தது.

கல்யாண வீட்டுக்கு மட்டும் கட்டுகிற அரக்குப் பட்டு. அவசரத்தில் வைத்த திருநீறு புருவத்தில் கொஞ்சம் சிந்தியிருந்தது. மாமியார் வீட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

படைத்தலைவி முன்னால் நடந்தாள்.

படி இறங்கும்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து கடைசி வாரை இழுத்துச் சரிசெய்தது.

அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.