எல்லாத்தையும் சொல்லணுமா?

"திங்கள், நாலு தடவை வயித்துப்போக்கு. செவ்வாய், ரெண்டு தடவை வாந்தி. நேத்துலேருந்து கண்ணு மஞ்சளா இருக்கு..."

ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் அண்ணி நோட்டைப் பார்த்து ஒப்பிக்க ஒப்பிக்க, நாத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணனுக்கு நுரையீரலில் புற்றுநோய். முற்றிய நிலை. இருக்கிற மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு, புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கும் நோயாளிகளில் ஒருவராக எப்படியோ இடம் கிடைத்து ஆறு வாரம் ஆகிறது. ரத்தம் கொடுத்த களைப்பில் அடுத்த அறையில் படுத்திருக்கிறார்.

நர்ஸ் ரத்த ரிப்போர்ட் எடுத்துவர உள்ளே போனதுதான் தாமதம்.

"எல்லாத்தையும் சொல்லணுமா அண்ணி? அண்ணனுக்கு ஒத்துக்கலைன்னு பேரை அடிச்சுடுவாங்க. அதுக்குத்தான் காத்திருக்கீங்களா?"

"நர்ஸ் கேட்டா, பதில் சொன்னேன்."

"அவரே நல்லா இருக்கேன்னு சொல்றார். உங்களுக்குத்தான் பார்த்துக்க அலுத்துப்போச்சு!"

அண்ணி நோட்டை மூடினாள்.

நர்ஸ் திரும்பி வந்தபோது முகம் சரியில்லை.

"ஈரல் பாதிச்சிருக்கு. எங்க மருந்தாலதான்னா இன்னியோட நிறுத்தணும். திரும்பச் சேர்க்க முடியாது."

'திருப்தியா?' என்பதுபோல் நாத்தனார் அண்ணியை முறைத்தாள்.

"வேற ஏதாவது உள்ளே போகுதா? மூலிகை, பொடி, அந்த மாதிரி?" என்று கேட்டாள் நர்ஸ்.

அண்ணி பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"கஷாயம். பத்து நாளா தினம் அரை டம்ளர். நான்தான் கொடுத்தேன்."

"கையெழுத்துப் போடும்போதே வேற எதுவும் கொடுக்கக் கூடாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! பார்த்தா படிச்சவங்க மாதிரி இருக்கீங்க! ஆளையே தீர்த்திருப்பீங்க!" என்று நர்ஸ் வெடித்தாள்.

யாருக்கும் பதில் பாக்கி வைக்காத அண்ணி, பாட்டிலை நர்ஸ் பக்கம் நகர்த்தினாள்.

நர்ஸ் பாட்டிலில் சீட்டு ஒட்டினாள். "மருந்தை ரெண்டு வாரம் நிறுத்திவைப்போம். இது இல்லாம ஈரல் தேறினா, டாக்டர் பார்த்துட்டு மறுபடி ஆரம்பிப்பார். இப்போதைக்கு இடம் போகாது." நாத்தனார் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது இவங்க மேல ஒரு கண் வைங்கம்மா."

நாத்தனார் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வராந்தாவில் பத்தடி நடந்ததும் அவள் அண்ணியின் கையைப் பிடித்தாள். "அண்ணி..."

"இன்னிக்குக் காலையிலதான் உங்க அண்ணன் வாயைப் பிடுங்கினேன். நான் குளிக்கப் போற நேரமாப் பார்த்து நீதான் கஷாயத்தை ஊத்திக் கொடுக்கிறியாமே." அண்ணி நடையை நிறுத்தவில்லை. "நாளையிலேருந்து வெறுங்கையோட வா. வராம மட்டும் இருந்துடாதே. நீ பக்கத்துல உக்காந்தாத்தான் அவர் ரெண்டு வாய் சாப்பிடறார்."