இடைஞ்சல்

அந்தக் குறுகல் தெருவில் முதலில் தண்ணீர் லாரி சாக்கடை மூடியை உடைத்தது. இரண்டாவது, செங்கல் லாரி விளக்குக் கம்பத்தைச் சாய்த்தது. மூன்றாவது, வேன்காரர் ரிவர்ஸ் எடுக்கும்போது எதிர்வீட்டு மைக்கின் வாசற்படி முனையைப் பெயர்த்தார். நாலாவது, போன வாரம் ஆம்புலன்ஸ் அந்தப் படிக்கும் வேனுக்கும் நடுவே நுழைய முடியாமல் நின்றுவிட்டது. தையல்காரரின் அம்மாவை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு கை பிடித்தவர் மைக். அம்மா பிழைத்தது மறுபிறப்பு.

ஒலிபெருக்கி இல்லாமலே கூட்டம் சேர்க்கும் தொண்டை. அதனால் அவர் மைக். முப்பது வருஷமாக மறியல், ஊர்வலம், மனு. படி பெயர்ந்தபோது போட்ட மனுவில் வேன்காரர் பெயரை நாலு இடத்தில் எழுதியவர். இப்போது புது மனு. தலைப்பு: 'தெருவின் இடைஞ்சலை அகற்றக் கோரி.'

இடைஞ்சல் யார் என்று வேன்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இங்க வேன் நிறுத்தக் கூடாதுன்னு எழுதிட்டா, விடியக்காலம் நாலு மணிக்கு ரொட்டி ஏத்த எங்கேருந்து ஓடி வருவேன்? ஒரு வாரம் லேட்டானா பேக்கரிக்காரர் வேற ஆளைப் பார்த்துக்குவார்."

"அளக்க ஆள் வரும்போது பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு நிக்காதீங்க," என்றாள் மனைவி. "அவர் படியைக் காட்டிக் கேளுங்க."

காலை பத்து மணிக்கு நகராட்சி அலுவலர் டேப்போடு வந்தார். தெருவே வாசலுக்கு வந்தது. சுவருக்குச் சுவர் அளந்தார். வேனை அளந்தார். மைக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வேன்காரருக்குப் பொறுக்கவில்லை.

"சார், அந்தப் படியையும் அளங்க. முழுசா மூணடி தெருவுக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கு. ஊருக்கெல்லாம் நியாயம் பேசுறவர் வீட்டுப் படி."

"மைக்குக்கு இன்னைக்குத்தான் கரண்ட் போச்சு," என்றார் தையல்காரர். தெரு சிரித்தது.

மைக் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"சார், என் மனுவைப் படிங்க. சத்தமா. எல்லாரும் சாட்சிக்கு இருக்கட்டும்."

அலுவலர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"'தெருவின் அகலம் பதினாலு அடி. வேன் நின்றால் மிச்சம் எட்டரை. பைக் போகலாம், கார் போகலாம், ஆம்புலன்சும் போகலாம். ஆனால் எதிரே மூன்றடி படி இருக்கும்வரை ஆம்புலன்ஸ் போகாது. வேன் ஒரு மனிதரின் பிழைப்பு. படி வெறும் பந்தா. ஆகவே, படியை இடிக்க உடனே உத்தரவிட வேண்டும்.'"

வேன்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"'இடைஞ்சல் செய்தவர் பெயர்...'" அலுவலர் நிறுத்தினார். "என்னங்க இது, பட்டப்பேரை எழுதியிருக்கீங்க?"

"அந்தப் பேரைச் சொன்னாத்தான் இங்க எல்லாருக்கும் ஆளைத் தெரியும். படிங்க."

அலுவலர் குரலை உயர்த்திப் படித்தார்.

"'மைக்.'"