மங்கைக்கு யார் கார்டியன்?

"சாமி, பொண்ணு அப்பங்காரனுக்கா, தூக்கினு ஓடுன ஆத்தாக்காரிக்கா? சட்டம் இன்னா சொல்லுது? அத மட்டும் சொல்லு!"

துறைமுகத்து மேஸ்திரி கிருஷ்ணப்பன் போட்ட சத்தத்தில், ராயபுரம் வக்கீல் லோகநாத முதலியாரின் அலமாரியில் உறங்கிக்கொண்டிருந்த சட்டப் புத்தகங்கள் தூசியை உதறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தன. பாவம், அவற்றை யாரும் எழுப்பிப் பல வருஷம் ஆகியிருந்தது. முதலியார் கடைசியாக ஒரு வழக்கில் ஜெயித்தபோது துறைமுகத்துக்குப் பாய்மரக் கப்பல்கள்தான் வந்துகொண்டிருந்தன.

"முதல்ல உக்காரு மேஸ்திரி. பொண்ணுக்கு என்ன வயசு?"

"பத்து. மங்கைன்னு பேரு. அவ இல்லாம வூடு சரக்கு எறக்குன கப்பலாட்டம் காலியா கீது சாமி. சோறே எறங்கல."

சோறு இறங்காத அந்த உடம்பு இறங்கி உட்கார்ந்ததும் நாற்காலி 'ஐயோ' என்றது.

"சம்சாரம் ஏன் போச்சு?"

"அவ அண்ணன் வந்து மூணு நாள் தங்குனான். 'ஒங்கண்ணன் வுடுற கொறட்டைல கப்பல் சங்கே கேக்கமாட்டேங்குது'ன்னேன். அவ்ளோதான். பொண்ண இஸ்துகினு எர்ணாவூருக்குப் பூட்டா. ஒரு மாசம் ஆச்சு."

முதலியாரின் முகம் தேர்த் திருவிழாப் போல மலர்ந்தது.

"பேஷ்! தகப்பன்தான்யா முதல் கார்டியன். பெத்த தாய்கூட அப்புறம்தான். நான் ஒரு மனு போட்டேன்னா, ஐகோர்ட்டு ஜட்ஜே பொண்ணு கையைப் பிடிச்சுக் கூட்டிவந்து உன் வீட்டுல விட்டுட்டுப் போவார்!"

அப்போது வாசலில் ஒரு குரல். "வக்கீலய்யா கீறாரா?"

வந்தவள் கெங்கம்மா, மேஸ்திரியின் மனைவி. ராயபுரத்தில் வக்கீல்களுக்கா பஞ்சம்? ஆனாலும் பதினான்கு வருஷம் சேர்ந்து குடும்பம் நடத்தியவர்களுக்கு ஏமாறுவதற்கும் ஒரே இடம்தான் தோன்றுகிறது.

"யோவ், நீ இங்க இன்னா பண்ற?"

"நீ இன்னாடி பண்ற?"

"எம் பொண்ண எங்கிட்டயே வெச்சிக்கறதுக்கு வழி கேக்க வந்தேன்! சாமி, எம் முந்தானையப் புடிச்சிகினாத்தான் அவளுக்குத் தூக்கம் வரும். இந்தாளு பொழுதன்னிக்கும் கப்பலண்டயே கீறான். பொண்ணுக்குத் தல வாரி வுடுறது யாரு? கப்பல் கேப்டனா?"

இரண்டு கட்சிக்கும் ஒரே வக்கீல் வாதாடக்கூடாது என்று விதி எழுதியவனை முதலியார் மனத்துக்குள் சபித்தார்.

"நீங்க சொல்றதும் சட்டம்தாம்மா. கோர்ட்டு அப்பன், ஆத்தாள்னு பார்க்காது. குழந்தைக்கு எது நல்லதோ அதைத்தான் பார்க்கும்."

கிருஷ்ணப்பன் எகிறினான். "இப்பத்தான் எம் பக்கம்னே?"

"அது உன் பக்கத்துச் சட்டம். இது இவங்க பக்கத்துச் சட்டம். ரெண்டு பக்கமும் எழுதினாத்தான்யா அது புத்தகம்!"

"தகப்பன் கடமைல ஒரு கொறை வெச்சேனா? கேளு சாமி! அம்மை ஊசி குத்த நான்தான் தூக்கினு போனேன். காது குத்த நான்தான் தூக்கினு போனேன்…"

"குத்துனது பூரா நீ. அழுத பொண்ண மடில போட்டுகினு கெடந்தது பூரா நானு!"

அந்தச் சண்டையின் சத்தத்தில், நங்கூரம் போட்டிருந்த இரண்டு கப்பல்கள் யுத்தம் வந்துவிட்டதென்று எண்ணிக் கிளம்பிப் போனதாகக் கேள்வி. முதலியார் மேஜையைத் தட்டினார்.

"கொஞ்சம் கோர்ட்டுக்கும் மிச்சம் வையுங்க! யாருக்காக எழுதுறதுன்னு அப்புறம் பார்ப்போம். மனுவுல முதல் வரி எப்படியும் ஒண்ணுதான்." பேனாவை மையில் தோய்த்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "மைனர் மங்கை, வயது பத்து, மணமாகாதவள்…"

"மணமாகாதவளா?" என்றார்கள் இருவரும். ஒரு மாதத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு வார்த்தையில்தான்.

கிருஷ்ணப்பன் நெஞ்சை நிமிர்த்தினான். "இன்னா சாமி இப்டிச் சொல்லிட்ட? சாரதா சட்டம் வருது, அப்பால சின்னப் பசங்களுக்குக் கண்ணாலம் பண்ணா ஜெயிலுன்னு ஊரே அல்லாடிச்சே? நான் போன மாசியிலயே முடிச்சிட்டேன். எதிர் வூட்டு ஜெயவேலுக்கு!"

"தாலி செய்யச் சொன்னது நானு," என்றாள் கெங்கம்மா, அதிலும் விட்டுக்கொடுக்காமல்.

முதலியார் பேனாவைக் கீழே வைத்தார். ஐகோர்ட்டு, ஜட்ஜு, தன் வாதம், மறுநாள் பத்திரிகையில் தன் பெயர் எல்லாம் வரிசையாகக் கடலில் குதித்ததை அவர் கண்ணால் பார்த்தார்.

"கல்யாணமான மைனர் பொண்ணுக்கு அப்பனும் கார்டியன் இல்ல, ஆத்தாளும் இல்ல. புருஷன்தான். நீங்க ரெண்டு பேரும் கோர்ட்டுப் படி ஏறவே வேண்டாம்."

"அவனுக்கே பதினோரு வயசு சாமி!"

"மைனர் வேற யாருக்கும் கார்டியன் ஆக முடியாது. தன் பெண்டாட்டிக்கு மட்டும் ஆகலாம். வெள்ளைக்காரன் தெளிவா எழுதி வெச்சிருக்கான்."

"மூக்கு சிந்தக்கூடத் தெரியாதே அவனுக்கு!"

"அது தகுதிக் குறைவுன்னு இதுவரைக்கும் எந்த ஜட்ஜும் சொன்னதில்ல. போங்க, அவர்கிட்டயே கேளுங்க."

அரைமணி நேரத்தில் இரு தரப்பும் மேஸ்திரி வீட்டுத் தெருவில், புழுதியில் குந்திக் கோலி ஆடிக்கொண்டிருந்த கார்டியன் முன்னால் கைகட்டி நின்றன. அவர் இரண்டு வாதங்களையும் பொறுமையாகக் கேட்டார், ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்து ஒரு கோலியை அடித்தார், பிறகு தீர்ப்பு வழங்கினார்:

"அவ எர்ணாவூர்லயே இருக்கட்டும் மாமா. இங்க கீறப்ப தெனமும் என்னப் போட்டு மொத்துறா!"