முகம் காட்டாத டாக்டர்

"கிளினிக் எங்க இன்ஷூரன்ஸை ஏத்துக்கும், சரி. உள்ளே உட்கார்ந்து ஸ்கேன் படம் பார்க்கிற டாக்டர் ஏத்துப்பாரா? அதை முதல்ல சொல்லு!"

லோரெட்டா ஹூபர் போட்ட சத்தத்தில் காத்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒருமுறையாவது ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் நியாயம் புரியும். ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸுக்குள் இருக்கும், மயக்க மருந்து கொடுத்தவர் வெளியே இருப்பார். மயக்கம் தெளிந்த பிறகுதான் அது தெரியவரும். பில்லைப் பார்த்ததும் மறுபடி மயக்கம் வரும்.

"டாக்டர் ஹேகனும் ஏத்துப்பார் மேடம். கார்டைக் கொடுங்க" என்றாள் வரவேற்பில் இருந்த ஜோலீன். கார்டை வாங்கிக் கணினியில் தட்டிவிட்டு, "மிஸ்டர் ஹூபர், பிறந்த தேதி?" என்று கேட்டாள்.

லோரெட்டாவின் கணவர் வாயைத் திறந்தார். கூரையைப் பார்த்தார். "வந்து... மார்ச்..."

"மே இருபது!" என்றாள் லோரெட்டா. "தன் பிறந்தநாளே ஞாபகம் இல்லாத ஜென்மம். கல்யாண நாளை எங்க ஞாபகம் வெச்சுக்கப் போகுது?"

ஜோலீனுக்குச் சிரிப்பு வந்தது. "எங்க வீட்லயும் இப்படி ஒண்ணு இருக்கு மேடம்."

ஹூபர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். பாவம், அவருக்கு அன்று எதுவும் நினைவில் நிற்கவில்லை. இரண்டு மாதமாக வலது விலாவுக்குக் கீழே வலி. அவருடைய அப்பாவுக்கும் அதே இடத்தில்தான் ஆரம்பித்தது. கல்லீரலில் கேன்சர் என்றார்கள். அடுத்த மான் வேட்டைக்குத் துப்பாக்கியைத் துடைத்து வைத்துவிட்டு, அதற்கு முன்பே மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றிலிருந்து ஹூபருக்கு அந்தப் பயம் உண்டு. வலியை அவர் வெளியே சொல்லவே இல்லை. இரண்டாவது சாசேஜ் வேண்டாமென்று தட்டை நகர்த்திய அன்றுதான் லோரெட்டாவுக்கு விஷயம் புரிந்தது.

"அந்த டாக்டர் ஒழுங்கா படிச்சவர்தானே?" என்றாள் அவள், விடாமல்.

ஜோலீன் சுவரைக் காட்டினாள். வரிசையாகச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். "ஸ்பெஷலிஸ்ட் டாக்டர்களுக்கான போர்டு பரீட்சை பாஸ் பண்ணினவர். வயித்துப் படம் பார்க்கறதுக்குன்னே தனியா வேற படிச்சிருக்கார்."

"சட்டம் போட்டு மாட்டிட்டா ஆச்சா? இந்தக் காலத்துல எங்க பார்த்தாலும் ஃபிராடு. யாரை நம்பறது, சொல்லு."

ஸ்கேன் அறைக்குள் போன ஹூபர், வயிற்றில் தடவிய பசையைத் துடைத்தபடியே வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. மூச்சை இழு, விடுன்னாங்க. விட்டேன்."

"ரிப்போர்ட் உங்க போனுக்கு வந்துடும் சார். நீங்க கிளம்பலாம்" என்றாள் ஜோலீன்.

"போனுக்கு வேண்டாம்!" என்று கணவனும் மனைவியும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"அந்த டாக்டர் நேர்ல வந்து, எங்க முகத்தைப் பார்த்துச் சொல்லணும்" என்றாள் லோரெட்டா.

"மேடம், நான் இங்க சேர்ந்ததிலிருந்து அவர் ஒரு பேஷண்டையும் பார்த்ததில்லை. எல்லாரோட குடலும் அவருக்குத் தெரியும், ஒருத்தர் முகமும் தெரியாது. இருட்டு ரூம்லயே இருந்து பழகிட்டார். வெளிச்சத்துக்கு வந்தா கண்ணு கூசும்."

"கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு வரச் சொல்லு. அவர் வராம நாங்க நகரப் போறதில்லை."

சொன்னபடியே நாற்காலியில் அழுந்த உட்கார்ந்துவிட்டாள். ஜோலீன் பெருமூச்சுவிட்டுப் போனை எடுத்தாள். பேசி முடித்தபோது அவளுக்கே திகைப்பாக இருந்தது.

"வர்றாராம். நீங்க கேக்கலேன்னாலும் அவரே வர்றதாத்தான் இருந்தாராம்."

ஹூபருக்கு அப்பா ஞாபகம் வந்தது. யாரையும் பார்க்காத டாக்டர் தானே எழுந்து வருகிறார் என்றால் வேறென்ன அர்த்தம்? லோரெட்டா கணவரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. ஒல்லியான, உயரமான மனிதர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார். கழுத்துப்பட்டையில் டோனட் தூள் ஒட்டியிருந்தது.

"மிஸ்டர் ஹூபர்? கல்லீரல் சுத்தமா இருக்கு. கேன்சர் கிடையாது. பித்தப்பையில கல்லு. அதான் வலி."

ஹூபர் குழந்தைபோல் விம்மி அழுதார். டாக்டரைக் கட்டிப்பிடித்து, அவர் சட்டையெல்லாம் பசையாக்கினார்.

"நீங்க நல்லா இருக்கணும் டாக்டர்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் லோரெட்டா. "உங்க சர்டிஃபிகேட் எல்லாம் அசல்தான். நான் நம்பறேன்!"

"ரொம்ப சந்தோஷம். ஆனா இதைச் சொல்ல நான் எழுந்து வரலை" என்றார் டாக்டர். "பழைய படத்தோட ஒப்பிட்டுப் பார்க்காம நான் ரிப்போர்ட் கொடுக்கறதில்லை. போன வருஷமும் நீங்க இங்கதான் படம் எடுத்திருக்கீங்க. அதுல உங்களுக்குப் பித்தப்பையே இல்லை, அதுக்கு முன்னாடியே ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சு. வெட்டி எடுத்த பித்தப்பை திரும்ப முளைச்ச மனுஷனை ஒரு தடவை கண்ணால பார்த்துடலாம்னுதான் வந்தேன்."

லோரெட்டா கணவர் பக்கம் பாய்ந்து திரும்பினாள்.

"உன் அண்ணனுக்கு ஏரிப் பனியைத் துளைச்சு மீன் பிடிச்ச கதையை மட்டும் மணிக்கணக்கா சொல்லத் தெரியுது, தன் இன்ஷூரன்ஸ் கார்டை உனக்குக் கடன் கொடுக்கும்போது பித்தப்பையை எடுத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையா?"