போதை தெளியட்டும்

அந்த ஞாயிறு மதியம் இங்கிலாந்தின் ஹல் நகரத்து பப் வாசலில் இருந்தவர்கள்: அடித்த கிரெய்க், அடி வாங்கிய அவன் நண்பன் நெவில், வேடிக்கை பார்த்த நான். கால்பந்துத் தகராறு. தாடையில் ஒரே குத்து. நெவிலின் பின்மண்டை நடைபாதைக் கல்லில் மோதியது.

உடனே எழுந்துவிட்டான். "போடா, எங்கம்மா இதைவிட பலமா அடிப்பா" என்று சிரித்தான். கிரெய்க் அவனைக் கட்டிக்கொண்டு உள்ளே கூட்டிப்போனான்.

கொஞ்ச நேரத்தில் நெவிலுக்கு நாக்கு குழறியது. தள்ளாடினான். வாந்தி எடுத்தான்.

"மூணு கிளாஸுக்கே மட்டையாயிட்டான் பாரு!" கிரெய்க் அவனை பெஞ்சில் கிடத்தி, தன் கோட்டைப் போர்த்தினான். "போதை தெளியட்டும். எவனும் எழுப்பாதீங்கடா."

நெவிலின் குறட்டைக்கு எல்லோரும் சிரித்தோம். அது நின்ற பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். உயிர் இல்லை என்றார்கள்.

"என் குத்தால இல்ல சார்" என்று போலீஸிடம் கிரெய்க் அழுதான். "ஓவரா குடிச்சிட்டான்."

"ஒரு சொட்டுகூட குடிக்கல" என்றாள் பாரில் ஊற்றிக்கொடுத்த டோரீன். "வெறும் ஆப்பிள் ஜூஸ். நீங்க கிண்டல் பண்ணுவீங்கன்னு பியர் கிளாஸ்ல ஊத்தச் சொன்னான். கிரெய்க்கை யாராவது பத்திரமா வீட்ல விடணுமேன்னான்."

கோட் இல்லாமல் போலீஸ் வேனில் ஏறிய கிரெய்க்கின் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்கள்.