முத்திரைக்கு ஒரு ரசீது

"முத்திரையைக் கொடுங்க, ரயீஸா யெகோரவ்னா. மூணு மணிக்குப் பாலத்தை எடுத்துடுவாங்களாம்."

மாகாணத் தலைநகரிலிருந்து வந்த அதிகாரி வதீம் ஆர்காதியெவிச் உட்காரக்கூட இல்லை. கோட்டைக் கழற்றாமல் மேசைக்கு முன்னால் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

ஆணையை வாசித்து முடித்தாகிவிட்டது. வரும் ஜனவரி முதல் தேதியிலிருந்து லுகோவெத்ஸ் நகரம் இல்லை, கிராமம். நகர மன்றம் கிடையாது, தலைவர் கிடையாது. பிறப்புச் சான்று முதல் படகுத்துறை அனுமதி வரை எல்லாவற்றுக்கும் ஆற்றின் அக்கரையில் இருக்கும் மாவட்ட அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

ஒவ்வோர் அக்டோபரிலும் மிதவைப் பாலத்தை அவிழ்த்துக் கரையேற்றிவிடுவார்கள். அதன்பின் ஆறு உறைந்து கெட்டிப்படும் வரை அக்கரைக்கு ஈ காக்கை போக முடியாது. ஆணையை எழுதியவருக்கு அந்தக் கவலையெல்லாம் இருந்ததாகத் தெரியவில்லை.

மன்ற உறுப்பினர்கள் ஏழு பேரும் சுவரோரம் நின்றார்கள். மாடிப்படியில் பாதி ஊர். வாசலில் மீதி ஊர்.

"நீங்களே சொல்லுங்க, ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் பேருக்கு எதுக்குங்க ஒரு நகர மன்றம்?"

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒண்ணு," என்றாள் ரயீஸா. "நேத்து சாயங்காலம் ரொட்டிக்கடைக்காரிக்குப் பொண்ணு பொறந்திருக்கா. உங்க கணக்குல அவ வந்திருக்க மாட்டா."

படிக்கட்டில் சிரிப்பு எழுந்தது. "அப்படிப் போடு, யெகோரவ்னா!" என்று யாரோ கத்தினார்கள்.

ரயீஸாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தலைவராவதற்கு முன் அவள் இந்த ஊர்ப் பள்ளியில் இருபத்தாறு வருடம் வரலாறு நடத்தியவள். முதல் நாள் முதல் பாடம் எப்போதும் இதுதான்: பேரரசி பட்டயம் கொடுத்த நாளிலிருந்து லுகோவெத்ஸ் ஒரு நாள்கூட நகரமாக இல்லாமல் இருந்ததில்லை. அவளுக்கு முன் முப்பத்தொரு தலைவர்கள். அவர்களில் ஒருவர் பெருவெள்ளத்தில் பதினொரு நாள் தானே துடுப்புப் போட்டு வீடு வீடாக ரொட்டி கொண்டுபோனவர்.

அதையெல்லாம் அதிகாரியிடம் சொன்னாள். குரல் உடையாமல் சொன்னாள். "இருநூத்தி நாப்பது வருஷம், வதீம் ஆர்காதியெவிச். ஒரு நாள் விட்டுப்போகல."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மேசை இழுப்பறையைத் திறந்தாள். பித்தளை முத்திரை. அடியில் ஒரு மீனும் ஒரு துடுப்பும். மரக் கைப்பிடி அவள் உள்ளங்கைக்குப் பழகிப்போயிருந்தது. ஊரில் இருக்கிற அத்தனை பேருடைய பிறப்புத்தாளிலும் இந்த மீன் இருக்கிறது. என் கையில்தானா இது முடிய வேண்டும் என்று நினைத்தாள்.

முத்திரையை எடுத்தாள். கொடுக்கவில்லை.

"ரசீது எழுதிக் கொடுங்க."

"என்னது, என்மேல நம்பிக்கை இல்லையா?"

"ரசீது இல்லாம இந்த ஊர்லேருந்து ஒரு முத்திரையும் ஆத்தைத் தாண்டாது. எழுதுங்க. 'லுகோவெத்ஸ் நகரத்தின் முத்திரை'ன்னு முழுசா எழுதுங்க."

அவர் நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். முத்திரை தோல்பைக்குள் போயிற்று. படிக்கட்டில் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றி அவருக்கு வழிவிட்டார்கள். யாரும் திட்டவில்லை, யாரும் அழவுமில்லை. அந்த அமைதிதான் ரயீஸாவை அதிகமாகச் சுட்டது.

ஜன்னல் வழியே பார்த்தாள். வியாத்கா ஆறு சாம்பல் நிறமாகப் போய்க்கொண்டிருந்தது. அவருடைய கார் அக்கரை ஏறியதும் ஆட்கள் பாலத்தின் சங்கிலியை அவிழ்க்கத் தொடங்கினார்கள்.

பதிவாளர் உஸ்தீன்யா உள்ளே வந்தாள். கையில் நாடா கட்டிய கனமான கோப்பு. ரயீஸா அதை இதற்கு முன் பார்த்ததே இல்லை.

"ரசீதைக் கொடுங்க, யெகோரவ்னா. இதுலயே சேர்த்துடறேன்."

கோப்பைப் பிரித்தாள். முதல் தாள், இறகுப் பேனாவால் எழுதிய ரசீது. 1797. நகரம் ஒழிக்கப்பட்டது, முத்திரை பெற்றுக்கொள்ளப்பட்டது. பேரரசருடைய அதிகாரியின் ஒப்பம்.

இரண்டாவது, 1925. சோவியத் செயற்குழுவின் ஆள்.

மூன்றாவது, 1958. தட்டச்சு செய்தது. அதிலும் அதே சேதிதான்.

ரயீஸாவின் முகத்தில் ஈயாடவில்லை. இருபத்தாறு வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது பொய். ஊரை மூன்று முறை ஒழித்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு ரசீதுக்கும் பின்னால் ஒரு மன்றக் கூட்டத்தின் குறிப்பு இருந்தது. மூன்றும் அந்தந்தக் குளிர்காலத்திலேயே நடந்த கூட்டங்கள். அடியில் புதிதாகச் செய்த முத்திரையின் பதிவு: புத்தம்புது மீன், புத்தம்புது துடுப்பு. ரசீது கொடுத்த அலுவலகங்களில் ஒன்றுகூட இப்போது இல்லை.

"ஏண்டி, எனக்கு முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"தலைவருங்ககிட்டயும் பள்ளிக்கூட டீச்சருங்ககிட்டயும் முன்னாடி சொல்ற வழக்கம் இல்லீங்க. பதிவாளருக்கும் ஊருக்கும்தான் தெரியும். உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அந்த ஆள்கிட்ட அப்படிப் பேசியிருப்பீங்களா?"

படிக்கட்டில் கூட்டம் இன்னும் கலையவில்லை என்பதை ரயீஸா அப்போதுதான் கவனித்தாள்.

"தச்சர் சவேலி கீழ நிக்கறார்," என்றாள் உஸ்தீன்யா, நான்காவது ரசீதில் எண் போட்டபடி. "கைப்பிடிக்குப் பிர்ச் மரமா ஓக் மரமான்னு கேக்கறார்."

ரயீஸா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஓக்," என்றாள்.