மூன்றாவது லென்ஸ்

பள்ளிக்கூட நாளிலிருந்து தடிமனான கண்ணாடி போட்டே பழகிய புவனாவுக்கு அன்றுதான் முதன்முதலாகக் கான்டாக்ட் லென்ஸ். மதுக்கரை வீட்டில் பகலெல்லாம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சாயங்காலம் டாக்டர் சொன்னபடியே கையைச் சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, இரண்டு லென்ஸையும் கழற்றி டப்பாவில் மருந்துத் தண்ணீருக்குள் போட்டாள்.

எதுவும் மங்கவில்லை.

"ஏனுங்க, ஓடியாங்க! லென்ஸ் இல்லாமயே எல்லாம் தெரியுதுங்க!"

கணவன் மதன்குமார் வந்து உற்றுப் பார்த்தான். "வலது கண்ணுல இன்னும் ஒண்ணு இருக்குது அம்மணி."

சிரித்துக்கொண்டே அதையும் எடுத்தாள். டப்பாவில் இப்போது மூன்று. ஜன்னலுக்கு வெளியே தூரத்து மலை கிட்டத்தில் துலங்கியது. உச்சியில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் நின்றாள்.

"அங்க ஒருத்தங்க கைய ஆட்டுறாங்க பாருங்க!"

"எனக்கு மலையே மசமசன்னுதான் தெரியுது," என்றான் அவன்.

இடது கண் உறுத்தியது. ஆவல் தாங்காமல் நான்காவதையும் எடுத்தாள். அந்தப் பெண்ணின் உதட்டசைவுகூட இப்போது தெரிந்தது. "போதுங்க, இனி எடுக்காதீங்க," என்று அவள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அதற்குள் அடுத்தது புவனாவின் விரல் நுனிக்கு வந்துவிட்டது.